உப்புப் போடாத குழம்பு

செப்டம்பர் 5

சிமென்ட் கடைக்காரர் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. நேற்று மகள் நாகஜோதி திருப்பூரிலிருந்து போனில் சொன்னாள்: "அப்பா, நான் அங்க வந்ததுல இருந்து பிள்ளை பிறக்குற வரைக்கும் நடக்குறதை எழுதி வைங்க. பின்னாடி பிள்ளைக்குப் படிச்சுக் காட்டணும்." பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸான ஆளைப் பார்த்துக் கேட்கிறாள். பெற்ற பாவம், எழுதுகிறேன்.

பிறக்கப்போகிறவருக்கு அறிமுகம்: நான் உன் தாத்தா கோட்டைச்சாமி. கடற்கரைச் சாலையில் டீக்கடை. டீ குடிப்பது முதல் வேலை, மிச்சத்தை விற்பது அடுத்த வேலை. உன் பாட்டி பூமயில். கடையையும் என்னையும் நடத்துவது அவள்தான்.

இன்றைய விசேஷம், கிணற்றில் குழாய் இறக்கியாயிற்று. எங்கள் கரையில் யாரும் ஆழமாகத் தோண்டுவதில்லை. மணலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்புவார்கள். அதற்குப் பெயர் ஊத்து. என்னுடையது உறைக்கிணறு. ஊரிலேயே அதுதான் ஆழம், அதிலும் இறங்கி நின்று கை தூக்கினால் பார்ப்பவருக்கு விரல் தெரியும். மூன்று வருடமாக ஐப்பசி மழை ஏமாற்றியதில் அதுவும் டீ வடிகட்டி மாதிரி சொட்ட ஆரம்பித்துவிட்டது. பஞ்சாயத்துக் குழாயில் என்றைக்காவது ஒருநாள் வரும், பெரும்பாலும் காற்றுதான் வரும். மகள் தலைப்பிரசவத்துக்கு வரும் வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? கிணற்றின் அடியிலிருந்து இன்னும் நாற்பது அடிக்குக் குழாய் இறக்கச் சொன்னேன். மோட்டார் போட்டதும் தண்ணீர் தொடை தடிமனுக்கு வந்து விழுந்தது. ஊரே வந்து பார்த்தது.

பூமயில் மட்டும் கேட்டாள்: "இத்தனை காலமா ஊத்துப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருந்தவங்கள்லாம் கிறுக்கச்சிகளா? யாருக்கும் தோணலையாக்கும்?"

"அவங்ககிட்ட மோட்டார் இல்ல. என்கிட்ட இருக்கு" என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 9

திருப்பூரில் வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வந்துவிட்டோம். கை நிறையக் கண்ணாடி வளையல். பஸ் குலுங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம். முன் சீட்டுக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, தண்ணி ஒரு மாதிரி இருக்கே."

"கேன் தண்ணி குடிச்சுக் குடிச்சு உனக்கு நாக்கு செத்துப்போச்சு தாயி. இது மண்ணுக்குள்ள இருந்து வர்ற தண்ணி. சத்துள்ளது."

பாவம், முழுசும் குடித்தாள்.

செப்டம்பர் 14

காலையில் பால் திரிந்துவிட்டது. இந்த வாரத்தில் இது முதல் தடவை இல்லை. பால்காரன் சேவுகனைப் பிடித்துக்கொண்டேன்.

"சேவுகா, என்னத்தடா கலக்குற?"

"அண்ணே, தண்ணி கலக்குறேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அதுவும் உங்க கிணத்துத் தண்ணிதான், வெளியூர்த் தண்ணி இல்ல. வேற எதையும் கலந்தேன்னா என் மாடு என்னைய முட்டட்டும்."

"உன் மாட்டுக்கு அவ்வளவு ரோசம் கிடையாதுடா."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் இரண்டாம் பாலும் திரிந்தது. பால் இல்லாமல் வரடீ போட்டுச் சமாளித்தேன்.

செப்டம்பர் 21

ஜோதி இப்போது தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பழகிவிட்டது. நம்ம பிள்ளை அல்லவா.

செப்டம்பர் 27

தூத்துக்குடி போகிற லாரி டிரைவர் ஒருவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களா?" என்றார். சீனி டப்பாவைத் திறந்து காட்டினேன். கையில் கொட்டி நக்கிப் பார்த்தார், சீனிதான். "அப்ப எனக்குத்தான் வாய் சரியில்ல" என்று பாதி டீயோடு கிளம்பிவிட்டார். தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பித்தம் ஏறி வாய் இப்படி ஆகும் என்று நான் கடையில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன். டாக்டருக்குப் படிக்காமல் போனது நாட்டுக்கு நல்லது.

சாயங்காலம் சேவுகனின் மாடு கடைக்குப் பின்னால் வந்தது. தொட்டியை நிரப்பி விட்டேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. "பாத்தியா, உன் மாடுகூட என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போகுது" என்று சேவுகனிடம் சொன்னேன். பருப்பு வேக இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்று பூமயில் புகார். மளிகைக்கடைக்காரனும் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

அக்டோபர் 6

நர்சம்மா ஸ்டெல்லா வந்து ஜோதிக்குப் பிரஷர் பார்த்தார்.

"கொஞ்சம் ஏறுது. பயப்படாதீங்க. ஊறுகா, கருவாடு, அப்பளம் எல்லாம் இன்னையோட நிறுத்துங்க. குழம்புல உப்பைக் குறைங்க. தண்ணி நிறையக் குடிக்கட்டும்."

நான் உடனே ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சமையல் பூமயில் பாடு, தண்ணீர் என் பாடு. பெரிய பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கி ஜோதியின் கட்டில் அருகே வைத்தேன். காலியானதும் நிரப்ப வேண்டும். டீ ஆற்றுகிற கைக்கு இது என்ன பெரிய வேலை.

"போதும்ப்பா, வயிறு திம்முனு இருக்கு."

"நர்சம்மா சொன்னது காதுல விழலையா? குடி தாயி. உனக்கில்ல, உள்ள இருக்குற ஆளுக்கு."

குடித்தாள்.

அக்டோபர் 9

இதை எழுதியே ஆக வேண்டும். மூன்று நாளாக வீட்டில் உப்பில்லாச் சமையல். குறைப்பது என்ன குறைப்பது, ஒரு கல்லுகூட வேண்டாம் என்று பூமயில் உப்பு ஜாடியையே பரண்மேல் ஏற்றிவிட்டாள். மகளுக்காக நாங்களும் அதையே சாப்பிடுகிறோம். முதல் நாள் நான் பட்டினி கிடக்கத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குழம்பு நன்றாக இருந்தது! ரசமும் நன்றாக இருந்தது. ஜோதியும், "அம்மா, உப்பே போடலையா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"உப்புப் போடாமலே ருசியாக் குழம்பு வைக்க ஒரு கை வேணும். அது எங்க வீட்டுல இருக்கு" என்று கடையில் போய்ப் பெருமையடித்தேன். பூமயில் காதுக்கு எட்டி, அவள் அன்றைக்கு என்னைத் திட்டவே இல்லை.

அக்டோபர் 15

ஐப்பசி பிறக்க இன்னும் இரண்டு மூன்று நாள். வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருக்கிறது. டிவியில் தாழ்வு மண்டலம் என்று சுழித்துக் காட்டினார்கள். சேவுகன் கடை பெஞ்சில் எழுந்து நின்று, "இங்கிட்டு வா, இங்கிட்டு வா" என்று அதைக் கூப்பிட்டான். அது ஆந்திராவுக்குப் போய்விட்டது.

கடலுக்குப் போகிற ஓடை எப்போதும் இந்த மாதத்தில் வறண்டு கிடக்கும். இப்போது அதில் தண்ணீர் நிற்கிறது. மழை இல்லாமலே ஓடை நிறைந்த ஊர் எங்கள் ஊர் என்று கடையில் ஜோக் அடித்தேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் உள்ளே வருகிறது, போகும்போது முழுசாகப் போவதில்லை. கிணற்றுப் பக்கத் தென்னையில் ஓலை நுனியெல்லாம் கருகியிருக்கிறது. வெயில் அப்படி.

அக்டோபர் 20

தீபாவளி. மாப்பிள்ளை பாலகுரு நேற்றே வந்துவிட்டார். பனியன் கம்பெனியில் இரண்டு நாள்தான் லீவு. நல்ல பிள்ளை, ஆனால் இன்றைக்கு என் மனதை நோகடித்துவிட்டார். காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், அப்படியே வாசலுக்குப் போய்க் கொப்பளித்துத் துப்பினார். நான் பார்க்கவில்லை என்று நினைத்தார். மதியம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஆறு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. தண்ணி உப்பா இருக்கு. ஜோதியும் இதையே குடிக்கட்டும்."

"உப்பா? இந்தக் கிணத்துத் தண்ணிக்கு ஊரே குடத்தைத் தூக்கிட்டு வந்து நிக்குது மாப்பிள்ளை. உங்களுக்குப் பழக்கமில்ல, அதான்."

ஜோதி என் பக்கம் பேசினாள். "எனக்கும் வந்த புதுசுல அப்படித்தாங்க இருந்துச்சு. இப்ப ஒண்ணும் தெரியல. பாட்டில் தண்ணிதான் சப்புனு இருக்கு."

மாப்பிள்ளை பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தார். மாமனார் வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று அவருக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பூமயிலிடம், "அத்தை, பாட்டில் தீர்ந்தா வாங்கிக் குடுங்க" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். பக்கத்தில் கிணறு இருக்க, கடையில் தண்ணீர் வாங்குகிற வீடா இது?

அக்டோபர் 25

ஜோதியின் கால் வீங்கியிருக்கிறது. மெட்டியைக் கழற்ற முடியாமல் நூல் சுற்றி எண்ணெய் விட்டு எடுத்தோம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்குவது சகஜம் என்கிறார்கள் பெண்கள். நானும் சகஜம் என்றேன். என்னைக் கேட்டால் எல்லாம் சகஜம்தான்.

ஒன்று கவனித்தேன். கை நிறைய வளையல், ஆனால் சத்தம் இல்லை. அவள் எழுந்தாலும் நடந்தாலும் வளையல் அசைவதில்லை. சதைக்குள் பதிந்து கிடக்கிறது.

அக்டோபர் 29

நர்சம்மா இன்று கோபமாகப் பேசினார்.

"உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைச்சீங்களா இல்லையா? பிரஷர் நூத்தம்பதைத் தொடுது. யூரின்ல வேற புரோட்டீன் வருது."

"மாரியாத்தா சத்தியமாச் சொல்றேன் சிஸ்டர், உப்பு ஜாடி பரண்மேல தூசி படிஞ்சு கெடக்கு. வேணும்னா ஏறிப் பாருங்க" என்றாள் பூமயில். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"அப்ப எங்கிருந்து ஏறுது?"

மாத்திரை கொடுத்தார். வரும் செவ்வாய்க்கிழமை கட்டாயம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டுப் போனார்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று நானும் யோசித்தேன். யோசித்து, உலகத்திலேயே பெரிய முட்டாள் செய்கிற வேலையைச் செய்தேன். பிள்ளை ஒளித்துவைத்து ஊறுகாய் தின்கிறாளோ என்று அவள் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியில், பைக்குள், துணி அலமாரியில் எல்லாம் தேடினேன். ஒரு மாங்காய் வடுகூட இல்லை. ஈரத்தலையோடு வந்து நின்று பார்த்துவிட்டாள்.

"கேட்டா சொல்லமாட்டேனாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். சொம்பு காலியாக இருந்தது. நிரப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நவம்பர் 3

மழை!

அதிகாலையில் ஆரம்பித்தது. மழை என்று சொல்ல முடியாது, யாரோ மேலே நின்று அண்டா அண்டாவாகக் கவிழ்த்தார்கள். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் உரியதை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. கடைக்கூரையில் இரண்டு தகரம் போயிற்று. சேவுகன் நடுரோட்டில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். இனி கிணறு பிழைத்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அத்தனை தண்ணீரும் மணல்மேல் வழுக்கிக்கொண்டு ஓடைக்குப் போய், ஓடை வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. அரை அடி மணலைக் கிளறினால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. பதமாகப் பத்து நாள் பெய்திருந்தால் உள்ளே இறங்கியிருக்கும். வந்தது விருந்தாளி மாதிரி வரவில்லை, கொள்ளைக்காரன் மாதிரி வந்தது. போகும்போது சாலைப் பாலத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை.

ஜோதி காலையிலிருந்து தலைவலி என்கிறாள். "கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குதுப்பா" என்றாள். மின்னலைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். தண்ணீர் கொடுத்தேன்.

நவம்பர் 4

பெரிய ஆஸ்பத்திரி. எழுத வரவில்லை.

நவம்பர் 6

எழுதச் சொன்னவள் அவள். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமல் ஜோதிக்கு வலிப்பு வந்தது. சேவுகனின் பால் வண்டியில்தான் படுக்கவைத்து, பாலம் போன இடத்தில் நான்கு பேர் இறங்கித் தோளில் தூக்கிக் கடத்தினோம். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. வளையல்களை ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள். காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள்.

ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். என் உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மிச்சம் இருக்கும். ஜோதி இன்னும் கண் திறந்து யாரையும் தெரிந்துகொள்ளவில்லை. மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நிற்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டாக்டரம்மா சின்ன வயது. பூமயிலிடம் கேட்டார்.

"உப்பு எவ்வளவு சேர்த்தீங்கம்மா?"

"ஒரு கல்லுகூடப் போடல டாக்டர். ஒரு மாசமா."

"அப்ப சாப்பாட்டை எப்படிச் சாப்பிட்டா?"

"நல்லாத்தான் சாப்பிட்டா. உப்பில்லாதது தெரியவே இல்ல. ருசியாத்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். 

"வீட்டுல தண்ணி எங்க எடுக்குறீங்க?"

பூமயில் என்னைப் பார்த்தாள். வீட்டிலிருந்து இரண்டு கேன் நிறையக் கொண்டுவந்திருந்தேன், பிரசவமான பிள்ளைக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று. அதை டாக்டரம்மா மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். உடனே துடைத்துக்கொண்டார்.

"கரையோரத்துல இருந்து வர்ற பிள்ளைங்க நிறையப் பேருக்கு இப்படிப் பாக்குறேன்" என்றார். "இது மட்டும்தான் காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா இந்தத் தண்ணியை இனி அவ குடிக்கக் கூடாது." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 8

கண் விழித்தாள். "பிள்ளை?" என்றாள். பெட்டிக்குள் இருப்பதைப் போனில் படம் எடுத்துக் காட்டினோம். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி" என்றாள்.

என் கை எழவில்லை. மாப்பிள்ளைதான் பாட்டிலைத் திறந்து பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்.

நவம்பர் 10

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். கடை பூட்டியே கிடந்தது. டீ பாய்லரைக் கவிழ்த்தேன். உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாக, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பூத்திருந்தது. மாதா மாதம் கழுவுவதுதான். இந்த முறை கரண்டியால் சுரண்டி ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

பரண்மேல் இருக்கிற ஜாடியை எதற்காக ஏற்றினோம் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தேன். நல்லவேளை, யாரும் இல்லை.

மோட்டாரைக் கழற்றிவிட்டேன். குழாயை உருவ ஆள் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "உருவிடலாம். ஆனா கீழ இருந்து ஏறுன கடல்தண்ணி ஏறுனதுதான். மேல இருந்து மழை அமுக்குனாத்தான் இறங்கும். அதுக்கு எத்தனை வருசமோ" என்றான்.

நவம்பர் 23

பாப்பாவைப் போன வாரமே பெட்டியிலிருந்து எடுத்துத் தாய் மார்பில் போட்டுவிட்டார்கள். இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். ஜோதிக்கு இடது கண் மட்டும் இன்னும் மங்கல். சரியாகலாம் என்கிறார்கள். ஆகலாம் என்றுதான் சொன்னார்கள்.

பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். பூமயில் வீட்டை மெழுகி, தொட்டிலுக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, இங்கிருந்து நேரா திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. பூமயிலையும் கூட்டிட்டுப் போங்க. நம்ம வீட்டுக்கு வேணாம்."

"ஊர்ல பேசுவாங்களே மாமா."

"பேசட்டும். பெத்த பிள்ளையை வீட்டுக்கு வராதேன்னு சொன்னவன்னு பேசட்டும். எனக்கு அதுக்கெல்லாம் உடம்பு கூசாது."

முதல் தடவையாக என் கையைப் பிடித்தார்.

கார் கிளம்பும்போது ஜோதி கண்ணாடியை இறக்கினாள். "டைரி எழுதுனீங்களாப்பா?"

"எழுதுனேன் தாயி."

"படிச்சுக் காட்டணும்."

தலையாட்டினேன். இதை எப்படிப் படித்துக் காட்டுவது?

டிசம்பர் 2

கேன் தண்ணீரில் டீ போடுகிறேன். பால் திரிவதில்லை. "டீ என்னண்ணே சப்புனு இருக்கு" என்று நம்ம ஊர்க்காரர்கள் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். சேவுகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே, கலக்குறதென்னமோ உண்மைதானே" என்றான்.

மறுபடி மழை இல்லை.

டிசம்பர் 7

சேவுகன் இன்று பால் ஊற்றிவிட்டு, வழக்கமாகப் போகிற மாதிரி போகாமல் நின்றான். முகம் நிறையச் சிரிப்பு.

"அண்ணே, எம் மக செல்வமீனாவுக்கு ஏழாம் மாசம். தை பிறந்ததும் வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வர்றேன். எங்க ஊத்து வத்திப்போச்சு. பிள்ளைக்குக் குடிக்க உங்க கிணத்துல தினம் ரெண்டு குடம் எடுத்துக்கிறேன்."

ஜோதியைத் தன் வண்டியில் ஏற்றிப் போனவன் அவன்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா நாக்கில் வைத்துப் பார்த்தது, பாய்லர், உப்பு ஜாடி எல்லாம். மெதுவாகக் கேட்டான். கேட்டுவிட்டு என் தோளில் தட்டினான்.

"மனசு விட்டுப்போயிருக்கீங்க. அது ஜோதிக்கு நேரம். தண்ணி என்னண்ணே செய்யும்? நானும்தான் குடிக்கிறேன்."

"உன் மாட்டைக் கேளுடா. அது குடிக்குதான்னு கேளு."

"மாடு கெடக்கு, அதுக்கென்ன தெரியும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாளியை விட்டு இறைத்தேன். அந்தப் பித்தளைச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தேன். "குடிச்சுப் பாரு. நல்லா நாக்குல நிறுத்திப் பாரு."

சேவுகன் அண்ணாந்து, நிதானமாக, சொம்பு முழுவதையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தாண்ணே இருக்கு."

சொம்பை வாங்கி மறுபடி மோந்து நானும் ஒரு வாய் குடித்தேன்.

எனக்கும் நல்லாத்தான் இருந்தது.